ஓபோவுக்குச் சீவாளி கட்டக் கற்பவர்களுக்கு

மேலை இசையில் நாகசுரம்போலச் சீவாளி வைத்து ஊதும் குழல்கருவி ஓபோ. நாணல் துண்டை மடித்து, ஒரு சிறு உலோகக் குழாயில் நூலால் கட்டி, மடிப்பை வெட்டி, இரண்டு இதழ்களையும் மெல்லியதாகச் சுரண்டி எடுப்பதுதான் அதன் சீவாளி. ஓபோ கற்கத் தொடங்கும் பெரும்பாலோர் முதல் ஓரிரு ஆண்டுகள் கடையில் வாங்கிய சீவாளியில்தான் வாசிக்கிறார்கள். பிறகு ஒரு நாள் ஆசிரியரே, "இனி நீங்களே கட்டிப் பழகுங்கள்" என்று சொல்லிவிடுவார். அப்படிச் சொல்வதற்கு வலுவான காரணங்கள் உண்டு. ஒரு சீவாளி ஏறத்தாழ 10 முதல் 15 மணி நேர வாசிப்புக்குத்தான் முழுமையாக ஒத்துழைக்கும். அதன் பிறகு முனை தளர்ந்து, சுருதி சரிந்து, ஒலி மங்கத் தொடங்கும். உதட்டின் பருமன், பல்வரிசை, மூச்சின் அழுத்தம் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறுவதால், வேறொருவர் வாய்க்குச் சரிபார்த்த சீவாளி நம் வாயில் அரைகுறையாகவே பேசும். பெரிய இசைக்குழுக்களில் முதல் ஓபோ வாசிப்பவர்களும் இதனால்தான் ஒவ்வொரு வாரமும் கத்தியும் நாணலுமாகப் பல மணி நேரம் மேசை முன் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதுவரை ஒரு சீவாளிகூடக் கட்டிப் பார்க்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் சுரண்டும் முறையைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். எத்தனை மில்லிமீட்டர், எந்த வடிவம், யாருடைய பாணி என்பதிலேயே அவர்கள் மனம் நிற்கிறது. என் கருத்தில் பெரும்பாலான சீவாளிகளின் தலைவிதி அதற்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. மழுங்கிய கத்தியும் காற்றுக் கசியும் கட்டும் இருந்தால் எந்த அளவும் உங்களைக் காப்பாற்றாது. ஆகவே இந்தக் கட்டுரையில் கத்தி தீட்டுவதற்கும் கட்டுவதற்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எந்த மரபு?

சீவாளி சுரண்டுவதில் பெரிய இரண்டு மரபுகள் இருக்கின்றன. ஐரோப்பாவில் பரவலாக இருப்பது குறுஞ்சுரண்டல். முனையிலிருந்து 9 முதல் 12 மி.மீ. வரை மட்டும் சுரண்டி, கீழே நாணலின் பட்டையை அப்படியே விட்டுவிடுவார்கள். சீவாளியின் மொத்த நீளம் 72 மி.மீ. அளவில் இருக்கும். அமெரிக்காவில் வழங்குவது நெடுஞ்சுரண்டல். நூல்கட்டுக்குச் சற்று மேலிருந்து முனை வரை ஏறத்தாழ முழு இதழையும் சுரண்டுவார்கள். மொத்த நீளம் 70 மி.மீ. பக்கம் வரும்.

இந்த இரண்டாவது மரபு உருவானதில் பெரும் பங்கு மார்செல் டபுடோவுடையது. 1887-இல் பிரான்சின் கொம்பியேனில் பிறந்து, பாரிஸ் கன்சர்வேட்டரியில் ஜார்ஜ் ஜிலேயிடம் படித்த அவர், 1915 முதல் 1954 வரை ஃபிலடெல்ஃபியா இசைக்குழுவில் முதல் ஓபோ வாசித்தார். அங்கேயே கர்ட்டிஸ் இசைக்கல்லூரியில் கற்பித்தார். இருண்ட, அடர்ந்த, அதே சமயம் வளைந்து கொடுக்கும் ஒரு ஒலியைத் தேடி அவர் சீவாளியை மாற்றிக்கொண்டே போனார். அவருடைய மாணவர்கள் அமெரிக்காவின் பெரிய இசைக்குழுக்களில் அமர்ந்தபோது அந்தச் சுரண்டலும் கூடவே பரவியது.

உங்கள் ஆசிரியர் எந்த மரபில் வந்தவரோ அதையே நீங்களும் பின்பற்றுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் கலந்து கற்க முயன்றால் குழப்பமே மிஞ்சும். ஆசிரியர் அருகில் இல்லாதவர்களுக்கு நெடுஞ்சுரண்டலைப் பரிந்துரைப்பேன். சீவாளியைத் தனியாக ஊதி, அதன் சுருதியைக் கொண்டே நிலையை அறியும் தெளிவான சோதனை அதில் இருக்கிறது. தனியாகக் கற்பவருக்கு அது பெரிய பிடிமானம். கீழே சொல்லும் அளவுகள் அந்த மரபைச் சேர்ந்தவை. கத்தி, கட்டு, கசிவு பற்றிய பகுதிகள் இரு மரபுக்கும் பொது.

கருவிகள்

நாகசுரத்தில் சீவாளியைத் தாங்கும் கெண்டை செய்யும் வேலையை ஓபோவில் ஸ்டேப்பிள் என்ற சிறு உலோகக் குழாய் செய்கிறது. அடியில் தக்கை சுற்றியிருக்கும். நீளம் பெரும்பாலும் 47 மி.மீ. இதன் உட்கூம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். தொடக்கத்தில் ஒரே வகை ஸ்டேப்பிளில் பத்துப் பன்னிரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். சீவாளி சரியில்லை என்றால் குறை நாணலிலா குழாயிலா என்று தேட வேண்டிய தொல்லை இருக்காது. குழாய் தேயாது. பழைய நாணலை அறுத்தெடுத்துவிட்டு மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம்.

ஸ்டேப்பிளைச் செருகிப் பிடிக்க மாண்ட்ரல் என்ற கைப்பிடி தேவை. அதன் நுனி உங்கள் ஸ்டேப்பிளுக்குள் ஆட்டமில்லாமல் பொருந்த வேண்டும். ஆடினால் கட்டும்போது குழாயின் வாய் நசுங்கிவிடும். சுரண்டும்போது இரண்டு இதழ்களுக்கும் நடுவே செருக, பிளாக் எனப்படும் மெல்லிய தகடு ஒன்று வேண்டும். உலோகத்திலும் பிளாஸ்டிக்கிலும் கிடைக்கிறது. முனையை வெட்டச் சற்று மேடான வட்ட வெட்டுக்கட்டை, ஒருபக்கக் கூருள்ள ரேசர் பிளேடு, மில்லிமீட்டர் அளவுகோல், எஃப்.எஃப். தடிப்பில் நைலான் நூல், தேன்மெழுகு, சுருதி காட்டும் கருவி, மிக மென்மையான உப்புத்தாள், நல்ல விளக்கு. இவ்வளவு போதும்.

கத்தியில் சிக்கனம் வேண்டாம். இருபுறமும் குழிவாகத் தீட்டப்பட்ட கத்தி பலருக்கும் பழகிவிடும். இடக்கையர் வாங்கும்போது இடக்கைக்கான கத்தியைக் கேட்டு வாங்க வேண்டும், குறிப்பாக ஒருபக்கச் சரிவுள்ள கத்தி என்றால். தீட்டுகல்லில் நடுத்தரம் ஒன்று, நயமானது ஒன்று என இரண்டு தேவை.

நாணல் குழாயின் உட்புறத்தைச் செதுக்கும் இயந்திரம், வடிவம் வெட்டும் ஷேப்பர் ஆகியவற்றை இப்போது வாங்காதீர்கள். விலை மிக அதிகம். அவற்றின் பயனை உணரும் நிலைக்கு நீங்கள் வர இன்னும் காலம் இருக்கிறது.

கத்தி தீட்டுதல்

சீவாளிக் கத்தி வெட்டுவதற்கானது அல்ல, சுரண்டுவதற்கானது. கூரைப் பெரிதாக்கிப் பார்த்தால் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கும். நாணலைப் பிடித்து எடுப்பது அந்தப் பிசிறுதான். அது இல்லாத கத்தி நாணலின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். நாம் அழுத்தத்தைக் கூட்டுவோம். திடீரென ஓரிடத்தில் ஆழமாகக் கடித்து முனை கிழியும். புதியவர்கள் இழக்கும் முனைகளில் பெரும்பகுதி இப்படிப் போகிறவைதான்.

கல்லின் மேல் கத்தியை ஏறத்தாழப் படுக்கையாகவே வையுங்கள். முதுகுப்பக்கம் ஒரு நாணயத்தின் கனம் அளவுக்கு மட்டும் எழும்பியிருக்கட்டும். அடிப்பிடியிலிருந்து நுனி வரை முழுக் கூரும் கல்லைத் தொடும்படி ஒரே சீராக இழுங்கள். ஒரு பக்கம் சில இழுப்பு, பிறகு மறுபக்கம் அதே எண்ணிக்கை. கோணம் நடுவில் மாறக் கூடாது என்பதுதான் முக்கியம். வேகம் தேவையே இல்லை. நடுத்தரக் கல்லில் கூர் வந்ததும் நயமான கல்லுக்கு மாறுங்கள். கடைசியாக, எந்தத் திசையில் சுரண்டப் போகிறீர்களோ அந்தத் திசைக்குப் பிசிறு திரும்பும்படி ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று இழுப்பு, கத்தியின் எடைக்கு மேல் அழுத்தம் இல்லாமல்.

சோதனை எளிது. கத்தியைக் கட்டைவிரல் நகத்தின் மேல் செங்குத்தாக நிறுத்தி, அழுத்தாமல் மெல்ல நகர்த்துங்கள். பிடித்து நின்றால் கூர் இருக்கிறது. வழுக்கினால் மீண்டும் கல்லுக்குப் போக வேண்டும். அடுத்து, தூக்கிப்போட வைத்திருக்கும் பழைய சீவாளி ஒன்றில் சுரண்டிப் பாருங்கள். மாவுபோல நுண்ணிய தூள் உதிர வேண்டும். சுருள் சுருளாக வந்தால் கத்தியைச் சாய்த்துப் பிடித்திருக்கிறீர்கள் என்று பொருள்.

முதல் வாரம் முழுவதையும் இதற்கே கொடுங்கள். ஒரு நாணலையும் கட்டாமல், பழைய சீவாளிகளில் மட்டும் தீட்டுவதும் சுரண்டுவதுமாக இருந்தாலும் அது வீண்போன வாரம் ஆகாது. பழகிய பிறகு ஒவ்வொரு முறை உட்காரும்போதும் முதலில் கத்தியைத் தீட்டிவிட்டு, சுரண்டும் நடுவிலும் அவ்வப்போது நயமான கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துக்கொள்வது இயல்பாகிவிடும்.

நாணல்

ஓபோ, பாசூன், கிளாரினெட் எல்லாவற்றுக்கும் ஒரே செடிதான்: அருண்டோ டோனாக்ஸ் என்ற பெருநாணல். மத்தியதரைக் கடலோரம் எங்கும் வளர்ந்தாலும், தெற்கு பிரான்சின் வார் மாவட்டத்து நாணலுக்கு நீண்டகாலப் பெயர் உண்டு. ஏறத்தாழ இரண்டு ஆண்டு வளர்ந்த தண்டுகளைக் குளிர்காலத்தில் வெட்டி, உலர்த்தி, வெயிலில் காட்டிப் பொன்னிறம் ஏறும்வரை பதப்படுத்துகிறார்கள். ஓபோவுக்கு எடுப்பது 10 முதல் 11 மி.மீ. வரை குறுக்களவுள்ள மெல்லிய தண்டு. அதை நீளவாக்கில் மூன்றாகப் பிளந்து, உட்புறத்தை நடுவில் 0.58 முதல் 0.60 மி.மீ. கனம் மிஞ்சும்வரை செதுக்குகிறார்கள். ஓரங்கள் அதைவிட மெல்லியவை.

தண்டின் குறுக்களவு சீவாளியின் வாயை முடிவு செய்கிறது. ஒல்லியான தண்டில் வளைவு அதிகம் என்பதால் வாய் அகலமாகத் திறக்கும். பருத்த தண்டில் வாய் தட்டையாக இருக்கும். 10 முதல் 10.5 மி.மீ. வரையிலான நாணலில் தொடங்குவது நல்லது.

செதுக்கி, வடிவம் வெட்டி, நடுவில் மடித்த நாணல் கடைகளில் கிடைக்கிறது. அதையே வாங்குங்கள். வந்ததும் ஒவ்வொன்றாகப் பார்த்து, பக்கவாட்டில் வளைந்தவற்றையும், பட்டையில் பச்சை மிச்சமிருப்பவற்றையும், ஓரம் சிராய்த்தவற்றையும் ஒதுக்கிவிடுங்கள். பட்டையில் பழுப்புப் புள்ளிகள் இருந்தால் பரவாயில்லை. நல்ல நாணல் நேராக, பளபளப்பாக, மடித்த இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றின்மேல் ஒன்று பொருந்தி இருக்கும்.

கட்டுதல்

வெதுவெதுப்பான நீரில் நாணலை 20 முதல் 30 நிமிடம் ஊற விடுங்கள். உலர்ந்த நாணலைக் கட்டினால் வெடித்துவிடும். ஊறிய பிறகு, குழாயில் உட்காரப்போகும் இரு கீழ்நுனிகளின் பட்டையைக் கத்தியால் சற்று மெலிதாக்கினால் நாணல் குழாயைத் தழுவி உட்காரும்.

ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நூலின் ஒரு முனையை மேசையில் உறுதியான கொக்கி ஒன்றில் கட்டி, முழு நீளத்துக்கும் தேன்மெழுகு தேயுங்கள். மெழுகு நூலைக் குழாயோடு ஒட்டவைக்கும், காற்றையும் அடைக்கும்.

ஸ்டேப்பிளை மாண்ட்ரலில் செருகுங்கள். அதன் மேல்வாய் நீள்வட்டமாக இருப்பதைப் பார்ப்பீர்கள். நீள்வட்டத்தின் அகலமான பக்கமும் நாணலின் அகலமான முகமும் ஒரே திசையில் இருக்க வேண்டும். இது சற்றுத் திரும்பினாலும் சீவாளி முறுக்கிக்கொள்ளும், பிறகு சரிசெய்ய வழியே இல்லை. தக்கையின் அடியிலிருந்து மடிப்பு வரை 72 முதல் 72.5 மி.மீ. வரும்படி நாணலைக் குழாயின் மேல் வைத்து இடது கையால் அழுத்திப் பிடியுங்கள்.

குழாயின் மேல்விளிம்பிலிருந்து ஆறேழு சுற்றுக்கு இடம்விட்டுக் கீழே நூலைத் தொடங்கி, மேல்நோக்கிச் சுற்றுங்கள். நூல் எப்போதும் இறுக்கமாக, ஒரு சுற்று மற்றொன்றை உரசிக்கொண்டு போக வேண்டும். இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு நிறுத்தி, நாணல் நேராக நிற்கிறதா என்று முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்கள். இந்த நிலையில் விரலால் திருத்திவிடலாம்.

இனி கண்ணை நாணலின் ஓரங்களில் வையுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் இரு இதழ்களின் ஓரங்களும் நெருங்கி வரும். குழாயின் மேல்விளிம்புக்கு ஒரு சுற்று மீதமிருக்கும்போது இரண்டு பக்கமும் முழுதாக மூடிக்கொள்ள வேண்டும். மூன்று நான்கு சுற்றுக்கு முன்பே மூடிவிட்டால் நாணல் குழாயில் மிக ஆழமாக உட்கார்ந்திருக்கிறது. அவிழ்த்து, அரை மில்லிமீட்டர் மேலே இழுத்துக் கட்டுங்கள். விளிம்பை எட்டியும் மூடவில்லை என்றால் அதற்கு எதிராக, சற்றுக் கீழே தள்ள வேண்டும். நூலைக் குழாயின் விளிம்புக்கு மேலே மட்டும் கொண்டுபோகாதீர்கள். ஓரத்தை மூடவைக்க அதுவே எளிய வழியாகத் தோன்றும். ஆனால் தாங்க உலோகம் இல்லாத இடத்தில் நூல் நாணலை நெரித்து, அதிர்வையும் ஒலியையும் அடக்கிவிடும்.

மூடியதும், விளிம்பைத் தாண்டாமல் நூலைக் குறுக்காக மடக்கிக் கீழ்நோக்கித் திருப்பி, ஏற்கனவே சுற்றியதன் மேலேயே தக்கை வரை சுற்றிக்கொண்டு போய் மூன்று நான்கு சுருக்கு முடிச்சு போட்டு முடியுங்கள்.

மடிப்பு இன்னும் மூடியிருக்கும் இந்த நேரத்தில் ஒரு சோதனை செய்ய வேண்டும். குழாயின் அடிப்பக்கத்தை வாயில் வைத்துக் காற்றை உறிஞ்சுங்கள். உள்ளே வெற்றிடம் பிடித்து, நாக்கில் கவ்வி நிற்க வேண்டும். காற்று வந்துகொண்டே இருந்தால் கட்டு கசிகிறது. அவிழ்த்து மீண்டும் கட்டுங்கள். கசியும் கட்டின் மேல் ஒரு மணி நேரம் சுரண்டுவதைவிட ஐந்து நிமிடத்தில் மறுபடி கட்டுவது மேல்.

தேறியதைக் குறைந்தது ஓர் இரவாவது உலர விடுங்கள். சில நாள் விட்டால் இன்னும் நல்லது. வளைந்த நார்கள் புதிய வடிவத்துக்குப் பழக வேண்டும். ஒரே அமர்வில் ஐந்தாறு கட்டி வைத்துக்கொண்டால் பிறகு ஒன்று போனாலும் மனம் உடையாது.

சுரண்டுதல்

மீண்டும் சில நிமிடம் ஊறவைத்துத் தொடங்குங்கள். 70 மி.மீ. நீளமுள்ள ஒரு முடிந்த சீவாளியை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். நூல் 47-இல் முடிகிறது. அதன் மேல் மூன்று நான்கு மி.மீ. பட்டை தொடாமல் நிற்கும். ஏறத்தாழ 51 முதல் 62 வரை முதுகு. 62 முதல் 66 வரை நெஞ்சு. 66 முதல் 70 வரை முனை. முதுகில் நடுவே ஒரு மெல்லிய தண்டும் இரு ஓரங்களில் கரையும் நிற்க, இடையில் இரண்டு சன்னல்கள்போலச் சுரண்டப்படும். நெஞ்சில் பட்டை மட்டும் போய், கனம் பெரிதும் மிஞ்சும். முனையோ விளிம்பில் 0.1 மி.மீ.க்கும் குறைவாக மெலிந்து, நடுவைவிட மூலைகளில் இன்னும் மெலிந்திருக்கும். அதிரத் தொடங்குவது முனை. அந்த அதிர்வுக்கு உடலும் சுருதியும் கொடுத்துத் தாங்குவது நெஞ்சு. முதுகின் சன்னல்கள் ஒலிக்குக் கீழ்ப்பக்க ஆழத்தைத் தருகின்றன. இந்த மூன்றும் மனத்தில் பதிந்தால் பின்னால் குறை வரும்போது எங்கே போக வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

வலது கையில் கத்தியை நாணலுக்கு ஏறத்தாழச் செங்குத்தாகப் பிடியுங்கள். இடது கட்டைவிரலைக் கத்தியின் முதுகில் ஊன்றி, அதை அச்சாகக் கொண்டு மணிக்கட்டைச் சிறிதாகத் திருப்புங்கள். கை முழுவதும் அசையக் கூடாது. இழுப்பு எப்போதும் முனையை நோக்கியே.

முதலில் மடிப்பிலிருந்து நான்கைந்து மி.மீ. வரை இரு இதழ்களிலும் பட்டையை நீக்கி மெலிதாக்குங்கள். மடிப்பை வெட்டுக்கட்டையில் வைத்து ரேசர் பிளேடால் மயிரிழை அளவுக்கு வெட்டினால் வாய் திறக்கும். இனித் தகட்டை மெதுவாக உள்ளே செருகலாம். கீழே வரை அழுத்தித் தள்ளினால் ஓரங்கள் பிரிந்துவிடும். முனையைத் தாண்டித் தகடு சற்று வெளியே தெரிந்தால் போதும்.

அடுத்து முனையைச் சரிசெய்யுங்கள். நடுவிலிருந்து மூலையை நோக்கிச் சாய்வாக, மிக லேசாக. பிறகு முதுகின் சன்னல்கள். அவற்றை ஆழமாகத் தோண்ட அவசரப்படாதீர்கள். பட்டை போய், அதற்குக் கீழே சற்றுப் போனால் இந்த நாளுக்கு அது போதும். கடைசியாக நெஞ்சின் பட்டை. நெஞ்சுக்கும் முனைக்கும் இடையே தெளிவான ஒரு சரிவு தெரிய வேண்டும். புதியவர்கள் அதை வழவழப்பாக இழைத்துவிட விரும்புவார்கள். அப்படிச் செய்தால் நெஞ்சு கரைந்துபோகும்.

ஒரு சீவாளிக்கு நான்கு கால்பகுதிகள்: இரண்டு இதழ், ஒவ்வொன்றிலும் இடம் வலம். ஓரிடத்தில் பத்து இழுப்பு இழுத்தால் மற்ற மூன்றிலும் அதையே செய்ய வேண்டும். தகட்டை எடுத்துவிட்டு, நனைந்த சீவாளியை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். முனை ஒளியாக, நெஞ்சு நிழலாகத் தெரியும். நான்கு பகுதியிலும் நிழலின் வடிவம் ஒன்றாக இருக்கிறதா என்று கண்ணே சொல்லிவிடும்.

முதல் நாள், ஊதினால் ஏதோ ஒரு ஒலி வருகிறது என்ற அளவில் கட்டாயம் நிறுத்திவிடுங்கள். நன்றாக வருகிறதே, இன்னும் இரண்டு இழுப்பு என்று தோன்றும் நேரத்தில்தான் கை நிற்க வேண்டும். சுரண்டப்பட்ட நாணல் இரவில் உலர்ந்து மறுநாள் ஊறும்போது தன் கனத்தையும் வாயையும் மாற்றிக்கொள்ளும். இன்று கச்சிதமாக முடித்த சீவாளி நாளை தொய்ந்திருக்கும். மூன்று நாள், நாளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் என்று பிரித்துக்கொண்டால் அது நிலைபெற்று நிற்கும்.

வெறும் சீவாளியை ஊதிப் பார்த்தல்

உதடுகளை நூல்கட்டுக்கு அருகே வரை கொண்டுபோய், முனையை உதடு தொடாதபடி வைத்து ஊதினால் காகம் கரைவதுபோல ஒரு ஒலி வரும். அமெரிக்க ஓபோக்காரர்கள் இதை க்ரோ என்கிறார்கள். மெல்ல ஊதும்போது ஒரு சி சுரமும், அழுத்தி ஊதும்போது அதற்குக் கீழ் எண்மத்து (ஸ்தாயி) சி-யும் சேர்ந்து கேட்க வேண்டும். சுருதிக் கருவியில் பாருங்கள். சி-க்கு அருகில் நிற்க வேண்டும்.

சுருதி சி-க்குக் கீழே இருந்தால் சீவாளி நீளம், அல்லது ஏற்கனவே அதிகம் சுரண்டிவிட்டீர்கள். முனையில் மயிரிழை வெட்டிப் பாருங்கள். ஒரு நேரத்தில் கால் மில்லிமீட்டருக்கு மேல் வெட்டக் கூடாது. சுருதி சி-க்கு மேலே நின்றால் இன்னும் மரம், அதாவது நாணலின் கனம், அதிகம். முதுகின் சன்னல்களில் எடுங்கள். மேல் சி மட்டும் வந்து கீழ்ச் சி வரவே மாட்டேன் என்றாலும் அதே சன்னல்கள்தான். மெல்ல ஊதினால் பேசாமல், அழுத்தினால் மட்டும் திடீரென வெடித்தால் முனை தடிப்பாக இருக்கிறது. பல சுரங்கள் ஒன்றோடொன்று மோதிக் கலகலத்தால் நெஞ்சோ முதுகோ மெலிந்துவிட்டது. அங்கே மரத்தைத் திருப்பி ஒட்ட முடியாது. முனையை வெட்டி, புதிய முனையைச் சுரண்டுவதுதான் வழி.

க்ரோ தேறியதும் ஓபோவில் பொருத்துங்கள். மிகத் தாழ்ந்த பி-பிளாட், பி, சி ஆகியவை மெல்ல ஊதினாலும் தொடங்குகின்றனவா? மேல் சுரங்கள் உதட்டை இறுக்காமலேயே சுருதியில் நிற்கின்றனவா? ஒரு நீண்ட சுரத்தை மிக மெலிதாகத் தொடங்கி, வளர்த்து, மறுபடி மெலிதாக்கும்போது சுருதி நகர்கிறதா? ஏ சுரத்தை அமெரிக்காவில் பெரும்பாலும் 440 ஹெர்ட்ஸுக்கும் ஐரோப்பாவில் 442 அல்லது 443-க்கும் சேர்க்கிறார்கள். நீங்கள் வாசிக்கும் குழு எதற்குச் சேர்க்கிறதோ அதை வைத்தே முடிவு செய்யுங்கள்.

கத்தியை ஒவ்வொரு முறை தொடும் முன்பும் காரணத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: "கீழ் எண்மம் வரவில்லை, அதனால் சன்னலில் எடுக்கிறேன்." இப்படிச் சொல்ல முடியாதபோது கத்தியைக் கீழே வையுங்கள். எங்கோ சற்றுச் சுரண்டினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் எடுக்கப்படும் தூள்தான் நல்ல நாணலை வீணாக்குகிறது.

அடிக்கடி வரும் குறைகள்

வாய் மிக அகலமாகத் திறந்திருந்தால், வெந்நீரில் ஒரு நிமிடம் வைத்து, நூலுக்குச் சற்று மேலே இரு இதழ்களையும் விரலால் மெல்ல அழுத்திப் பிடியுங்கள். இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்தால் அடங்கும். வாய் மூடிக்கொண்டே போனால், பக்கவாட்டு ஓரங்களை அழுத்தித் திறக்கலாம். அதுவும் நிலைக்கவில்லை என்றால் மெல்லிய பித்தளைக் கம்பியை நூலுக்கு மேலே சுற்றி வாயைத் தாங்கலாம். ஐரோப்பியச் சீவாளிகள் பலவற்றில் கம்பி இருப்பதைப் பார்க்கலாம். அதில் தவறேதும் இல்லை.

முடிந்த சீவாளியின் கசிவைக் கண்டுபிடிக்க, குழாயின் அடியை விரலால் அடைத்து மேலிருந்து ஊதுங்கள். ஓரத்தில் குமிழி தெரியும். முனைக்கு மிக அருகே சிறிதளவு கசிந்தால் விட்டுவிடலாம். கீழே கசிந்தால் ஃபிஷ்ஸ்கின் சுற்ற வேண்டும். பெயர் அப்படி இருந்தாலும் இது மாட்டின் குடலிலிருந்து எடுக்கும் மெல்லிய சவ்வு. அதற்குப் பதிலாகக் குழாய்ப் பணியாளர்கள் பயன்படுத்தும் வெள்ளை டெஃப்லான் நாடாவே நன்றாக உழைக்கிறது, எங்கும் கிடைக்கிறது.

ஊரும் காலமும் மாறினால் சீவாளியும் மாறும். கடல்மட்டத்தில் இலகுவாகப் பேசியது, ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்திலுள்ள அமெரிக்க நகரமான டென்வரில் கட்டையாக, தடித்துப்போனதுபோல ஊதும். குளிரூட்டிய அரங்கில் வாய் சுருங்கும். கச்சேரிக்குப் போகிறவர்கள் சற்றுத் தடிப்பாக விட்ட ஒன்று, இலகுவாக முடித்த ஒன்று எனக் குறைந்தது இரண்டு மூன்றாவது எடுத்துப்போவது இதனால்தான்.

பராமரிப்பு

வாசிக்கும் முன் சிறு கிண்ணத்து நீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறவையுங்கள். உமிழ்நீரில் மட்டுமே நனைத்தால் நாணல் விரைவில் தளரும். வாசித்து முடித்ததும் நீரை ஊதி வெளியேற்றி, காற்றோட்டமுள்ள பெட்டியில் வையுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். விமானத்தில் போகும்போது கத்தியையும் ரேசர் பிளேடையும் கைப்பையில் வைக்காமல் சரக்குப் பெட்டியில் போடுங்கள். பாதுகாப்புச் சோதனையில் பறிபோகும்.

கட்டும் ஒவ்வொரு சீவாளிக்கும் ஒரு எண் கொடுத்து, கட்டிய நீளம், நாணல் வந்த கடை, ஓரம் மூடிய இடம், க்ரோவின் சுருதி ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஐம்பது அறுபது சீவாளிக்குப் பிறகு அந்த நோட்டைப் புரட்டினால், எந்த நாணலும் எந்தக் கட்டும் உங்கள் வாய்க்கு ஒத்துவருகின்றன என்பது தெரியத் தொடங்கும். ஷேப்பர் வாங்குவதைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரம் அதுதான். முதலில் முனையில் ஏறத்தாழ 7 மி.மீ. அகலம் தரும் ஒரு ஷேப்பர், செதுக்கிய நாணலோடு. உட்புறம் செதுக்கும் இயந்திரம் அதற்கும் வெகுநாள் கழித்து. முடிந்தால் அதை வைத்திருக்கும் ஒருவரிடம் சில மாதம் பழகிய பிறகு.